பட்டாணிக்கு மண்டபம்

கடல் பின்வாங்கிப்போன இடமெல்லாம் எங்களுக்குத்தான் என்று ஒரு குடும்பம் சொல்லி, அதற்கு அரசாங்கமும் தலையாட்டி, அன்றிலிருந்து பாத்தி பாத்தியாக உப்பு விளைந்துகொண்டிருந்த கீழக்கழி அளத்தில், ஒரு நாள் உச்சி வெயிலில், சகாயரூபி என்கிற பத்தொன்பது வயதுப் பெண் பலமாக ஒரு தும்மல் போட்டாள். அவள் மூக்கிலிருந்து பட்டாணி அளவில் இளஞ்சிவப்பாக ஒன்று வந்து பாத்தியில் விழுந்தது.

"ஏட்டி, சளியப் பாத்தியில சிந்தாத, கங்காணி பாத்தா கத்துவான்," என்றாள் பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா அந்தோணியம்மாள்.

"சளி இல்லம்மா. துடிக்குது."

"துடிச்சா எடுத்து ஓரமா வையி."

எடுத்து உப்பு அம்பாரத்தின் ஓரமாக வைத்தாள். மண்டைக்குள் யாரோ ஒரு சாமானை நகர்த்திவிட்ட மாதிரி கொஞ்சம் காற்றோட்டமாக இருந்தது, அவ்வளவுதான். மயக்கம் வரவில்லை, ரத்தம் வரவில்லை. உப்பு நிறைந்த ஓலைப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தாள், ஏனென்றால் தலைக்குள்ளிருந்து எது விழுந்தாலும் தலைமேல் இருக்கிற உப்பை இறக்கி வைக்க அந்த அளத்தில் யாரும் விடமாட்டார்கள்.

அந்த அளத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அங்கே மறைவு கிடையாது. ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது, உடைமுள்கூட உப்புக்குப் பயந்து தள்ளித்தான் நிற்கும். தட்டு மாதிரி கிடக்கிற அந்த வெள்ளையில் ஒரு காக்கா உட்கார்ந்தாலும் ஊருக்கே தெரியும். ஆம்பளைகளுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை, நின்ற இடத்தில் திரும்பி நின்றுகொள்வார்கள், அந்தத் திரும்புவதும்கூட மரியாதைக்காகத்தான். பொம்பளைகள் விடியுமுன்னே வீட்டில் போய்விட்டு வந்தால் மறுபடி பொழுது சாய்ந்து வீட்டுக்குத்தான். நடுவில் அடக்கவேண்டும், அடக்குவது லேசாக இருக்கட்டும் என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கவேண்டும், உப்புக்கு நடுவில், வெயிலுக்குக் கீழே, நாக்கு செருப்பு மாதிரி காய்ந்துபோய். அந்தோணியம்மாள் அப்படியே வருசக்கணக்காக இருந்து இருந்து சிறுநீரகத்தில் கல் விளைந்திருந்தது. மாதம் ஒரு தடவை குளிர்காய்ச்சல் வரும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாத்தி வரப்பிலேயே சுருண்டுவிடுவாள்.

"தண்ணி குடிங்க, தண்ணி குடிங்கன்னு எல்லா டாக்டரும் சொல்லுதாவ," என்பாள். "எங்கன போயி விடணும்னு ஒருத்தரும் எழுதித் தரல."

இதற்காகத்தான் ரூபி முதலாளி பாலசிங்கிடம் போய் ஒரு அறை கேட்டிருந்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை, நாலு சுவர், ஒரு கதவு, கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள். அம்மா அடுத்த காய்ச்சலைத் தாங்கமாட்டாள் என்று சொன்னாள். முதலாளி வருத்தமாகத் தலையை ஆட்டினார். "அளத்துல குழி தோண்டுனா உப்பு கெட்டுரும்மா. விஞ்ஞானம் அப்படி," என்றார்.

பட்டாணி விழுந்த மறுநாள் காலை, கங்காணி தங்கப்பழம் வழக்கம்போல வரப்போரமாகத் திரும்பி நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். உப்பு ஏற்ற வந்த லாரி டிரைவர் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, கடலம்மாட்ட வரம் கேக்கியளா?" என்று சிரித்தான். சிரித்துவிட்டு அவனும் பக்கத்தில் நின்றான். அவனுக்கும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அளத்திலிருந்த அத்தனை ஆம்பளைகளும் வரப்பு நெடுக வரிசையாக, வெயிலைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு இல்லை. பொழுது சாய்ந்து ரூபி வீட்டுக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்த பிறகுதான், லாரி டிரைவருக்கும், கங்காணிக்கும், தன் பங்களாவில் உட்கார்ந்திருந்த முதலாளிக்கும் ஒரே நேரத்தில் மடை திறந்தது.

மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும் அப்படி. ஆம்பளைகளுக்கு வந்ததால் அதற்கு நோய் என்று பேர் வைத்தார்கள். பொம்பளைகளுக்கு இருந்தவரைக்கும் அதற்குப் பழக்கம் என்று பேர்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பெட்டியில் உப்பு குறைகிறதென்று தங்கப்பழம் ரூபியைப் பார்த்துக் கத்தினார். அவள் நெஞ்சு திக்கென்றது. அவள் நெஞ்சு திக்கென்ற அதே நேரம் கத்தினவர் நெஞ்சும் திக்கென்றது, கைகால் வேர்த்தது, பங்களாவில் முதலாளிக்குச் சர்க்கரை ஏறி மெஷின் கீ கீயென்று கத்தியது. பக்கத்து வீட்டு லூர்து அத்தை அளத்துக்குத் தூக்கி வந்திருந்த பேரப்பிள்ளை வீறிட்டு அழ, ரூபி மனசு இளகி ஓடிப்போய்த் தூக்கினாள். லாரி டிரைவர் சட்டையில் நெஞ்சுப்பக்கம் ரெண்டு இடத்தில் ஈரம் பரவியது. அவன் அன்றிலிருந்து வெயிலிலும் சால்வை போர்த்திக்கொண்டு வண்டி ஓட்டினான். ரூபி அசந்து தூங்கிய வாரத்தில் முதலாளியின் பாதம் ரெண்டு சைஸ் பெருத்தது, மோதிரத்தைத் தட்டானை வரவழைத்து அறுத்து எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் இருந்த பட்டாணிகள் எல்லாம், பெரிய அதிகாரி வந்த ஆபீஸில் மற்றவர்கள் எழுந்து நிற்பார்களே, அப்படி வேலையைப் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றுகொண்டிருந்தன.

வாரம் ஒருமுறை வருகிற ஆஸ்பத்திரி வண்டியில் டாக்டர் ஷமீமா வந்தார். உப்பு அம்பாரத்தின் ஓரத்தில் கிடந்ததைக் குனிந்து பார்த்தார். உப்பில் கிடந்ததால் கெடாமல் பளபளவென்று இருந்தது.

"இது பிட்யூட்டரி," என்றார். "மூளைக்கு அடியில தொங்குற சுரப்பி. தைராய்டுக்கு, சிறுநீரகத்துக்கு, வளர்ச்சிக்கு, பாலுக்கு, எல்லாத்துக்கும் இங்க இருந்துதான் உத்தரவு போகும். இதை எல்லாரும் மாஸ்டர் சுரப்பின்னு சொல்லுவாங்க. ஆனா..."

அந்த ஆனாவுக்கு அப்புறம் என்ன என்று கேட்க அங்கே ஒருத்தர் இல்லை. மாஸ்டர் என்ற சொல் காதில் விழுந்ததுமே தங்கப்பழம் செருப்பைக் கழற்றிவிட்டார். லாரி டிரைவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டான். யாரோ ஓடிப்போய்ச் சூடம் வாங்கி வந்தார்கள். டாக்டர் மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். வண்டிக் கதவருகே நின்ற ரூபி மட்டும், "ஆனா என்னது டாக்டர்?" என்றாள்.

"ஆனா இது வெறும் எடுபிடிம்மா. இதுக்கு மேல ஹைப்போதலாமஸ்னு ஒண்ணு இருக்கு. அதுதான் ரத்தத்தை ருசி பாத்து, உப்பு கூடியிருக்கா, உடம்பு சூடா, மனசுல பயமான்னு கவனிச்சு இதுக்குச் சொல்லும். தண்ணியைப் பிடிச்சு வைக்கிற அந்த ஹார்மோனைக்கூட மேல தயார் பண்ணித்தான் அனுப்புவாங்க, இது வெறும் குடோன். போதும்கிற அளவு ஆனதும் ரத்தமே திரும்பிப் போயி போதும்னு சொல்லும், மேல நிறுத்திரும்."

"அந்த மேல உள்ளது எங்க இருக்கு?"

டாக்டர் அவள் நெற்றியைத் தொட்டார். "அது விழல. உள்ளதான் இருக்கு."

ரூபி அன்றே கங்காணியிடம் சொன்னாள். கங்காணி, "ஒனக்கெதுக்கு அதெல்லாம், பெட்டியத் தூக்கு," என்றார். முதலாளியிடம் சொன்னாள். "உத்தரவு என் தலையில இருந்து போகுது மொதலாளி. எனக்குத் தாகம் எடுத்தா ஒங்களுக்கு அடைக்குது. பொம்பளையளுக்கு ஒரு ரூம் கட்டிக் குடுத்துட்டா நான் பகல்ல தண்ணி குடிப்பேன், எல்லாருக்கும் சரியாயிரும்."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒந்தலையிலயா? ஒந்தலையில உப்புப் பெட்டிதாம்மா இருக்கு."

கமிட்டி போட்டார்கள். தலைவர் முதலாளி, செயலாளர் கங்காணி, பொருளாளர் முதலாளியின் மச்சினன். அம்பாரத்தை ஒதுக்கிவிட்டு அந்த இடத்திலேயே பளிங்கு மண்டபம் கட்டினார்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் பட்டு மெத்தை, மெத்தைமேல் பட்டாணி, பட்டாணிக்கு வேர்க்காமல் இருக்க ஏசி. பெண்ணுக்கு ஞானஸ்நானம் ஆகியிருப்பதால் அவள் மூக்கிலிருந்து வந்ததும் சபைக்குத்தான் சொந்தம் என்று மாதா கோயிலைக் கவனிக்கிற கோயில்பிள்ளை சொல்ல, விழுந்த மண் அம்மனுக்குச் சொந்தம் என்று பூசாரி சொல்ல, காலையில் மெழுகுவர்த்தி மாலையில் சூடம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். குட்டையாக இருந்தவர்கள் உயரம் கேட்டார்கள், மீசை முளைக்காதவர்கள் மீசை கேட்டார்கள், கல்யாணமான மறுவருசமே மாமியார் கையால் இழுத்து வரப்பட்ட பெண்கள் பிள்ளை கேட்டார்கள், மாமியார்கள் அது ஆம்பளைப் பிள்ளையாக இருக்கட்டும் என்று பக்கத்தில் நின்று திருத்திக் கேட்டார்கள். தங்கப்பழம் தினமும் பெட்டிக்கு முன்னால் நின்று கண்ணீர் மல்க, "தாயே, எல்லாம் அறிஞ்சவளே, ஒரே ஒரு தடவ விடு தாயே," என்று கெஞ்சினார். அவருக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் அந்தத் தாயை ஆட்டிவைக்கிறவள் காய்ந்த உதட்டோடு பெட்டி சுமந்து போய்க்கொண்டிருந்தாள். ஒருத்தரும் ஒரு தம்ளர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. ஒரு நாள் அவள் சும்மா எட்டிப்பார்க்கப் போனதற்கு, காவலுக்கு நின்றவன், "உப்புக் காலோட பளிங்குல ஏறாத," என்று விரட்டினான்.

மண்டபத்துக்குப் பின்பக்கம் இன்னொன்றும் கட்டினார்கள். டைல்ஸ் ஒட்டி, உட்காரும் கோப்பை வைத்து, முகம் பார்க்கக் கண்ணாடி வைத்து, மணக்கிற உருண்டை போட்டு, தேக்குக் கதவு போட்டு, பூட்டும் போட்டார்கள். அது பெரிய மனிதர்கள் வந்தால் போவதற்கு. அதற்குக் குழி ஆழமாகவே தோண்டினார்கள். குழி தோண்டினால் உப்பு கெட்டுப்போகும் என்கிற விஞ்ஞானம் அந்த வாரம் லீவு போட்டிருந்தது. சாவி தங்கப்பழத்தின் அரைஞாணில் தொங்கியது.

திறப்பு விழா அன்று பாத்தி வரப்பெல்லாம் கொடி, கொட்டு, பந்தல். பெரிய மனுசர் ஒருத்தர் வருகிறார். அவர் பேர் வேண்டாம், பேனரில் போட்டிருந்தது, அவர் முகத்தைவிடப் பெரிதாகவே போட்டிருந்தது. பொம்பளைகள் எல்லாரும் விடியுமுன் வந்து வரவேற்புக்குத் தட்டேந்தி நிற்கவேண்டும் என்று உத்தரவு. நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தோணியம்மாளுக்குக் குளிர் கண்டது. பல் கிட்டியது. தட்டு கையிலிருந்து நழுவ, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ரூபி தங்கப்பழத்திடம் ஓடினாள். "அண்ணாச்சி, அந்தக் கதவக் கொஞ்சம் தொறந்து விடுங்க. அம்மைக்கு முடியல. ரெண்டு தம்ளர் தண்ணி குடிக்க வச்சு உள்ள கூட்டிட்டுப் போயிட்டு வந்துருதேன்."

"பைத்தியமா ஒனக்கு? பெரியாளு உக்காரப்போற எடம். ஒங்கம்மா உக்காந்து எந்திரிச்சா பொறவு யாரு கழுவுறது?"

"நானே கழுவுதேன்."

"போடி அங்கிட்டு."

அவள் பந்தலுக்குப் பின்னால், விருந்தாளிகளுக்கென்று அடுக்கி வைத்திருந்த தண்ணீர் கேன் பக்கம் போனாள். ஒரு தம்ளர் பிடித்துக் குடித்தாள். இன்னொரு தம்ளர். இன்னொன்று. வயிறு மத்தளம் மாதிரி ஆகிற வரைக்கும் நின்று நிதானமாகக் குடித்தாள். லூர்து அத்தை பதறிப்போனாள்.

"ஏளா, பகல்ல இப்படிக் குடிக்கியே, எங்கன போவ?"

"நான் எங்கயும் போகல அத்த. அவ்வொ போவாவ."

பெரிய மனுசர் வந்தார். மாலை போட்டார்கள். முதலாளி வரவேற்றுப் பேசினார், மச்சினன் புகழ்ந்து பேசினான், பிறகு பெரிய மனுசர் மைக்கைப் பிடித்து இந்தச் சுரப்பி எப்படி ஒட்டுமொத்த உடம்பையும் கட்டி ஆள்கிறதோ அதேபோலத் தானும் இந்தத் தொகுதியை, என்று ஆரம்பித்தார். அந்த நேரத்தில் ரூபியின் ரத்தம் தண்ணீராகி, அவள் தலைக்குள் இருந்தது அதை ருசி பார்த்து, உப்பு குறைந்துவிட்டது, இனிமேல் தண்ணீரைப் பிடித்து வைக்காதே என்று சொல்லிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டு மெத்தைமேல் கிடந்த குடோன் கதவை அடைத்துக்கொண்டது. அளத்தில் இருந்த அத்தனை சிறுநீரகங்களும் பிடியை விட்டன.

பெரிய மனுசர் ஒரு காலை மறு காலோடு சேர்த்தார். வாக்கியம் பாதியில் நின்றது. முதலாளி நாற்காலியில் நெளிந்தார். மச்சினன் எழுந்து உட்கார்ந்து எழுந்தான். கொட்டுக்காரர்கள் கொட்டைக் கீழே வைத்தார்கள். பிறகு மேடையே எழுந்து ஓடியது. எங்கே ஓடுவது? சுற்றிலும் தட்டு மாதிரி வெள்ளை. ஒரு மரம் இல்லை, ஒரு புதர் இல்லை. திரும்பி நிற்கலாம் என்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பொம்பளைகள் தட்டோடு நிற்கிறார்கள், டிவிக்காரர்கள் கேமராவோடு நிற்கிறார்கள். வெள்ளை வேட்டிகள் வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவில் அங்கே ஓடி, இங்கே ஓடி, ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்து, கடைசியில் அப்படியே குந்தின. சில வேட்டிகள் குந்துவதற்கு முன்பே நிறம் மாறிவிட்டன. விழா முடிந்தபின் அந்தப் பாத்திகளின் உப்பை ஆடு மாடுகூடத் தொடவில்லை.

பொம்பளைகளுக்கும் வந்தது. ரூபிக்கும் வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் அவர்கள் வருசக்கணக்காக இதே வேலையில் இருக்கிறவர்கள். தட்டை ஏந்திக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், அசையாமல் நின்றார்கள்.

பெரிய மனுசர் மண்டபத்தின் பின்னால் தேக்குக் கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "சாவி! யார்ட்டய்யா சாவி?" சாவிக்காரர் எல்லாருக்கும் முன்னால் ஓடிப்போய் ஆகக் கடைசிப் பாத்தியில் முழங்கால் உயர உப்புக் குவியலின் பின்னால் குந்தியிருந்தார். ரூபி அவரை நோக்கி நடந்தாள். கிட்டத்தில் போனதும் மரியாதையாகத் திரும்பிக்கொண்டாள், முதுகுக்குப் பின்னால் கையை மட்டும் நீட்டினாள்.

"சாவி, அண்ணாச்சி."

"ஏட்டி, அங்கிட்டு போ, போயிரு..."

"திரும்பட்டுமா?"

உள்ளங்கையில் சாவி விழுந்தது.

அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போனாள். பெரிய மனுசர், "அம்மா, ஒரே நிமிசம், நான் மட்டும்..." என்று முனகினார். "வரிசையில வாங்கய்யா," என்றாள் லூர்து அத்தை, தட்டைக் கீழே வைக்காமலே. கதவு திறந்தது, அந்தோணியம்மாள் உள்ளே போனாள், கதவு மூடியது. அவள் அவசரப்படவில்லை. அவளுக்குப் பின்னால் அளத்துப் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக, பேசிச் சிரித்துக்கொண்டு, கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டு, போய் வந்தார்கள். கடைசியில்தான் ரூபி போனாள். பெரிய மனுசருக்கு அவசியம் தீர்ந்துவிட்டிருந்தது. காரிலிருந்து ஒரு துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

பாத்தியில் குந்தியிருந்த முதலாளியைத் தேடி, விழாவுக்கு ஆஸ்பத்திரி வண்டியோடு வந்திருந்த டாக்டர் ஷமீமா போனார். எழுந்து போகமுடியாத ஒரு மனிதர் அவருக்கு முதல்தடவையாகக் கிடைத்திருந்தார். ஆனாவிலிருந்து ஆரம்பித்து, ஹைப்போதலாமஸ், குடோன், ருசி பார்ப்பது, போதும் என்பது எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "இப்ப உங்க ரத்தமும்தான் போதும் போதும்னு கத்துது. ஆனா உங்க மனு அங்க போய்ச் சேராது. அவ தலை அவ ரத்தத்தைத்தான் கேக்கும்."

கமிட்டி மறுநாள் கூடி, நடந்ததெல்லாம் சுரப்பித் தாயின் கோபம், பூமாலைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் மாலை போட்டதுதான் காரணம் என்று தீர்மானம் போட்டது. கூட்டம் முன்னைவிட அதிகமாக வந்தது. முதலாளி மட்டும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக ரூபியிடம் வந்தார்.

"ரூபியம்மா, அதத் திருப்பி எடுத்து வச்சுக்கிடேன். மூக்கு வழியா வந்தது மூக்கு வழியாப் போகாதா?"

"போகும் மொதலாளி. ஆனா அது உள்ள போன மறுநாளே, எங்களுக்குக் கட்டுற ரூமுக்குக் கதவக் கழட்டிருவிய."

முதலாளி கொத்தனாரைக் கூப்பிட்டார்.

வரப்போரம் சுவர் எழுந்தது. கூரை வந்தது. கதவு மட்டும் வரவில்லை. மரம் வரவேண்டியிருக்கிறது, ஆசாரி ஊருக்குப் போயிருக்கிறான், அடுத்த மாதம் கட்டாயம் என்றார் தங்கப்பழம். ரூபி அவர் கண்முன்னால் ஒரு குடத்தைச் சாய்த்துத் தம்ளரில் ஊற்றினாள், வாயருகே கொண்டுபோனாள். "ஏட்டி, இரு, இரு!" என்று கத்திக்கொண்டே தங்கப்பழம் ஓடினார். மண்டபத்துத் தேக்குக் கதவே பெயர்த்து வரப்பட்டது.

கதவு மாட்டின அன்று உச்சி வெயிலில் அந்தோணியம்மாள் உப்பு வாருகிற வாருபலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, அத்தனை பேர் பார்க்க, பாத்தி நடுவில் நின்று தண்ணீர் குடித்தாள். தங்கப்பழம் தூரத்தில் நின்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது ஆகிறதா என்று காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை, அது அவள் தண்ணீர். அவள் சேலை முந்தானையால் வாயைத் துடைத்தாள், வரப்பில் மெதுவாக நடந்துபோனாள், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏட்டி ரூபி, இன்னொரு தம்ளர் ஊத்தி வையி."